பத்துக் கோடிப் பவுணும் பாறைத் தூசியும்: கோலார் தங்கவயலின் கதை

பொன் இல்லாமல் எமது வாழ்வில் ஒரு சடங்கும் நடைபெறுவதில்லை. குழந்தையின் காப்பிலிருந்து தாலிக்கொடி வரை பவுண் கணக்குப் பேசாத தமிழ் வீடு இல்லை எனலாம். வீட்டையும் வளவையும் விட்டு அந்நிய நாடுகளுக்கு வந்த எம்மிற் பலர், கையில் எஞ்சிய சில பவுண்களை விற்றோ அடைவு வைத்தோதான் பயணச் செலவைத் தேடிக்கொண்டனர். ஆயினும், அப்பொன் எந்த மண்ணிலிருந்து வருகின்றது, எவருடைய கைகள் அதனைத் தோண்டி எடுக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

தென்னிந்தியாவின் கர்நாடக மாநிலத்திலே, பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைகளுக்கு அண்மையில் அமைந்திருப்பது கோலார் தங்கவயல். நூற்றிருபது ஆண்டுக் காலத்தில் அங்கு எடுக்கப்பட்ட பொன் 800 தொன்னுக்கும் அதிகம். பவுணுக்கு எட்டுக் கிறாம் என்று கணக்கிட்டால் அது பத்துக் கோடிப் பவுண். இதற்காக உடைத்து மேலே கொண்டுவரப்பட்ட பாறை ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் தொன். அதாவது, ஒரு தொன் பாறையை உடைத்தால் சராசரியாக இரண்டு பவுண். அப்பாறையை உடைத்தவர்களிற் பெரும்பான்மையினர் தமிழர்கள்.

2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 28ஆம் திகதியுடன் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைத் தேடி வந்தவர்கள் போய்விட்டனர். பொன்னை எடுத்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்றும் அங்கேயே வாழ்கின்றனர். அவர்களது கதை நாம் அறிந்திருக்க வேண்டிய கதையாகும்.

பாறையில் பொன் புகுந்த விதம்

கோலாரின் பொன் பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றிலே கிடக்கின்றது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீளமும் சில கிலோமீற்றர் அகலமும் மாத்திரமே கொண்ட ஒடுங்கிய பட்டியாக இப்பாறை கிடக்கின்றது. இற்றைக்குச் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் கக்கப்பட்ட எரிமலைக் குழம்பு உறைந்து உருவானது இது. நீருக்குள் குழம்பு சடுதியாகக் குளிரும்போது தலையணைகளை அடுக்கியதுபோல் உருண்டு திரண்டு உறைவது வழக்கம். அத்தகைய வடிவங்கள் கோலாரின் பாறைகளில் இன்றும் அடையாளம் காணப்படுகின்றன.

பின்னர் பூமியின் உள்ளமுக்கத்தாலும் வெப்பத்தாலும் இப்பாறைகள் மடிந்து, நசுங்கி, கரும்பச்சை நிறமான உருமாறிய பாறைகளாயின. இருமருங்கிலும் கருங்கல் இனப் பாறைகள் நெருக்கின. நெருக்குதல் தாங்காது பாறை விரிசல் கண்ட இடங்களினூடாக, ஆழத்திலிருந்து கொதிநீர் மேலேறியது. அந்நீரிலே கரைந்திருந்த சிலிக்காவும் பொன்னும் விரிசல்களிற் படிந்து இறுகின. இவ்வாறு உருவான வெண்படிகக்கல் நரம்புகளே சுரங்கத்தொழிலாளர் தேடிய பொன் நரம்புகள்.

இந்நரம்புகளுள் தலையாயது 'சாம்பியன்' நரம்பு. தரைமட்டத்தில் வடக்குத் தெற்காகப் பல கிலோமீற்றர் நீண்டு, மேற்குப் பக்கமாகச் சாய்ந்து செங்குத்தாகக் கீழிறங்கும் இந்த நரம்பின் அகலம் பல இடங்களில் ஒரு மீற்றர் அளவே. நரம்பு போகும் வழியே மனிதனும் போகவேண்டும். கோலாரின் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தது இந்த ஒரு நியதியே. நரம்பு மூன்று கிலோமீற்றருக்கும் மேலாகக் கீழே இறங்கியது. மனிதனும் அதன் பின்னே இறங்கினான்.

வாரன் கண்டதும் லவேல் வாங்கியதும்

ஐரோப்பியர் வந்துதான் இங்கு பொன்னைக் கண்டுபிடித்தனர் என்று கூறுவது முழு உண்மையாகாது. நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கி, பின் நீரூற்றிப் பிளந்து, குழிகளைத் தோண்டிய பண்டைய மக்களின் சுவடுகள் அப்பகுதியெங்கும் காணப்பட்டன. பின்னாளில் ஐரோப்பியக் கம்பனிகள் தமது குழிகளைத் தோண்டுவதற்கு இடம் தேடியபோது, இப்பழங் குழிகளே வழிகாட்டின. தமிழுக்கும் அந்த மண் புதிதன்று. சுரங்கப் பகுதியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கோலார் நகரின் கோலாரம்மன் கோயிலிலே இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், மைசூரின் கிழக்கெல்லையை அளப்பதற்காக அனுப்பப்பட்டவர் ஜோன் வாரன் என்னும் படை அதிகாரி. 1802இல் அங்கே பொன் கிடைப்பதாக வதந்தி ஒன்று அவர் காதுக்கு எட்டியது. கண்டு காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். கிராமத்தவர் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கழுவிப் பொற்றுகள்களைக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் குழிக்குள் இறங்கிக் கல்லெடுப்பதையும், அக்கல்லைப் பெண்கள் இடித்துத் தூளாக்கிக் கழுவுவதையும் வாரன் கண்டு எழுதிவைத்தார். ஆகவே, அந்தப் பொன்னின் முதற் சொந்தக்காரர்களை ஆவணமே எமக்குக் காட்டித் தருகின்றது.

அவருடைய குறிப்பு பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. நியூசிலாந்துப் போரிலே பங்குபற்றிவிட்டுப் பெங்களூரில் வந்து குடியேறிய மைக்கல் லவேல் என்னும் ஐரிஷ்காரர் அதனைப் படித்தார். மைசூர் அரசிடம் விண்ணப்பித்து 1875இல் சுரங்க உரிமையைப் பெற்றார். ஆனால், அவரிடம் போதிய பணம் இருக்கவில்லை. உரிமை கைமாறி, 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜோன் ரெய்லர் அன் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்துக்குள் வந்தது. முதற் சில ஆண்டுகள் நட்டமே. பணம் கரைந்து, கைவிடலாமா என்று பங்காளர்கள் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், 1880களின் நடுப்பகுதியிலே சாம்பியன் நரம்பு தட்டுப்பட்டது. அன்றிலிருந்து பொன் பெருகியது. ஆரம்ப காலத்தில் ஒரு தொன் பாறையில் 40 கிறாமுக்கும் அதிகமாக, அதாவது ஐந்து பவுணுக்கு மேல் பொன் கிடைத்தது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. மைசூர் அரசுக்கு உரிமைத்தொகை கிடைத்தது. இலாபம் இலண்டன் பங்குதாரர்களைச் சென்றடைந்தது.

காவேரி கொடுத்த மின்சாரம்

சுரங்கங்களின் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முதலில் விறகையும் நிலக்கரியையும் எரித்தார்கள். செலவு தாங்க முடியவில்லை. மைசூர்த் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயரின் காலத்தில் காவேரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்நிலையம் அமைக்கும் வேலை தொடங்கியது. அதன் நிறைவைக் காணாமலே 1901இல் அவர் காலமானார். 1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் 92 மைல் தூரம் கம்பிவழியாகச் சென்று மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் இதுவும் ஒன்று. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்கும் பின்னர், 1905இலேதான்.

ஆனால், விளக்கு எல்லோருக்கும் எரிந்துவிடவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஓட்டு வீடுகளும், மாதாகோயிலும், கழகமும், கோல்ஃப் மைதானமும் அமைந்தன. அதனை 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தார்கள். தொழிலாளருக்கு மூங்கில் தட்டிகளால் அடைக்கப்பட்ட குடிசை வரிசைகளே கிடைத்தன. மலைநாட்டுத் தோட்டங்களின் 'லயன்' வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

பஞ்சம் தள்ளிவிட்ட மக்கள்

1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தை நம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. பஞ்சமும் நிலமின்மையும் சாதிக் கொடுமையும் சேர்ந்து தமிழ்நாட்டின் ஊர்களைக் காலியாக்கின. ஒருசாரார் கப்பலேறி மலாயாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் போயினர். ஒருசாரார் மன்னார்க் கரையேறி இலங்கையின் மலைநாட்டுக்கு நடந்தனர். வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து இன்னொரு சாரார் தங்கவயலுக்குச் சென்றனர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கரும் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்தோரின் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. அவர்களிற் பெரும்பகுதியினர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட ஆதிதிராவிட மக்கள்.

பாதாள வேலை கொடியதே. எனினும், ஊரிலே பண்ணையாரின் நிலத்தில் கூலியாகக் கிடந்தவனுக்குக் கையிலே காசு வந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்தது. இதன் விளைவு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயல் மிக முக்கியமான களமாயிற்று. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' வார ஏட்டுக்கு அங்கிருந்து வாசகரும் ஆதரவும் கிடைத்தன. அவர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன அந்த ஏடு, 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் மீண்டும் வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. மண்ணுக்கடியில் கல்லுடைத்த மக்கள் மண்ணுக்கு மேலே அச்சுக்கூடம் நடத்தினர். தாய்மண்ணுக்கு வெளியே பத்திரிகை நடத்துவதன் பாடு எத்தகையது என்பதை அறிந்த நாம், இந்த முயற்சியின் பெறுமதியை உணர்ந்துகொள்ளலாம்.

மூன்று கிலோமீற்றர் ஆழத்தில்

சாம்பியன் ரீப் சுரங்கம் காலப்போக்கில் 3.2 கிலோமீற்றர் ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. இரும்புக் கூண்டிலே ஏறி, ஒரு குழிவழியே இறங்கி, இன்னொரு குழிக்கு நடந்து, மறுபடியும் இறங்கித்தான் வேலைத்தலத்தை அடையவேண்டும். ஆழம் கூடக்கூடப் பாறையின் வெப்பம் கூடியது. அடிமட்டத்திலே அது 60 பாகை செல்சியசுக்கும் மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி மனிதன் அங்கே நிற்க இயலாது.

வெப்பத்தைவிடப் பயங்கரமானது பாறை வெடிப்பு. மூன்று கிலோமீற்றர் கனமான பாறையின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நரம்பை வெட்டி வெளியே எடுத்துவிட்டால், எஞ்சிய பாறை அப்பாரத்தைத் தாங்கவேண்டும். தாங்கும் எல்லை கடந்ததும், முன்னறிவித்தல் எதுவுமின்றி அது சிதறி வெடிக்கும். அந்த அதிர்ச்சி நிலநடுக்கம்போல் மேலே ஊரில் உள்ள வீடுகளையும் குலுக்கும். சத்தம் கேட்டதும் பெண்கள் குழிவாயிலை நோக்கி ஓடுவார்கள். தங்கவயலின் ஒவ்வொரு தலைமுறையும் அந்த ஓட்டத்தை அறிந்திருந்தது.

வெடித்துக் கொன்ற பாறையிலும் பார்க்க, தூசியாகிக் கொன்ற பாறை அதிகம். படிகக்கல்லைத் துளையிடும்போது பறக்கும் நுண்ணிய தூசி நுரையீரலிற் படிந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்டது 1934இல், கோலார் தங்கவயலிலேதான். 1940களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் 43.7 வீதத்தினரிடம் இந்நோய் காணப்பட்டது. நூறு பேரில் நாற்பத்துமூவருக்கு மேல்! ஒருமுறை பிடித்தால் முற்றாக மாற்றும் மருந்து இல்லாத நோய் இது. ஒரு தொன்னுக்கு இரண்டு பவுண் என்று மேலே நாம் போட்ட கணக்கில் இந்த நுரையீரல்கள் சேர்க்கப்படவில்லை.

கைரேகையும் துப்பாக்கியும்

பொன் களவு போய்விடும் என்ற அச்சம் கம்பனிகளை எப்போதும் வாட்டியது. அதன் பெயரால் தொழிலாளர் சோதனையிடப்பட்டனர். தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1930இல், தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிந்து பெயர்ப்பதிவு செய்யவேண்டும் எனக் கம்பனிகள் கட்டளையிட்டன. உழைக்க வந்தவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. உறுதியான தொழிற்சங்கமே இல்லாத காலத்தில் எழுந்த எழுச்சி அது. புகலிடம் கோரி வந்த நாடுகளிலே கைரேகை கொடுத்தவர்கள் நாம். அத்தொழிலாளரைச் சினங்கொள்ள வைத்தது எது என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

1940களில் கே. எஸ். வாசன் முதலிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் முயற்சியால் சங்கம் வலுப்பெற்றது. 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி தொழிலாளர் மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் ஆறு பேர் உயிரிழந்தனர். அந்நாள் தங்கவயலில் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகின்றது.

சுதந்திரம் வந்தபின் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்தபோதிலும், தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நின்றது. அதே மாதம் 28ஆம் திகதி மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இன் இறுதியில் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது.

பாதாளத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி

இவ்விடத்தில் ஓர் அரிய செய்தியையும் கூறவேண்டும். விண்ணிலிருந்து வந்து, பூமியையே ஊடுருவிச் செல்லும் 'நியூட்ரினோ' என்னும் நுண்துகளைப் பிடிப்பதற்கு விஞ்ஞானிகள் ஆழமான ஓரிடத்தைத் தேடினர். மற்றத் துகள்களைத் தடுத்து நிறுத்தக்கூடிய கனத்த பாறைக்கூரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும், யப்பானின் ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் சுவடு 1965இல் அங்கே பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் இத்தகைய பதிவு கிடைத்தது. உலக விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற இச்சாதனைக்கான குகையை வெட்டிக் கொடுத்தவர்கள் எமது தமிழ்த் தொழிலாளரே.

மூடிய பின்னர்

பொன் குறைந்துகொண்டே சென்றது. தொடக்கத்தில் தொன்னுக்கு ஐந்து பவுணுக்கு மேல் கொடுத்த பாறை, இறுதிக் காலத்தில் ஒரு பவுண்கூடக் கொடுக்கவில்லை. ஆழம் கூடியதால் காற்றுக்கும் மின்சாரத்துக்கும் நீர் இறைப்பதற்கும் செலவு பெருகியது. நட்டத்தைக் காரணங்காட்டி 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் பாதாளத்தில் தண்ணீர் நிறைந்தது.

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தங்கவயல் நகரின் மக்கள்தொகை 1,63,643. அவர்களுட் பல ஆயிரம் பேர் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் புகையிரதத்திலே பெங்களூருக்குப் போய்க் கூலிவேலையும் கடைவேலையும் அலுவலக வேலையும் செய்துவிட்டு இரவில் திரும்புகின்றனர். பாட்டன் நிலத்தினுள் இறங்கி உழைத்தான். பேரன் நிலத்தின்மேல் நாளொன்றுக்கு 200 கிலோமீற்றர் பயணஞ் செய்து உழைக்கின்றான். தலைமுறைகளாக வாழ்ந்த கம்பனி வீடுகளின் உரிமைக்காக மனுக்கொடுத்து அலைந்ததே அவர்களது பிற்கால வரலாறாயிற்று.

நகரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. அவை இயற்கைக் குன்றுகளல்ல. அரைத்த பாறைத் தூளைச் சயனைட்டுக் கரைசலில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. மூன்று கோடித் தொன்னுக்கும் மேற்பட்ட அக்கழிவு, காற்று வீசும் மாதங்களில் வீடுகளுக்குள்ளும் கிணறுகளுக்குள்ளும் தூசியாக இறங்குகின்றது. அத்தூளிலும் சிறிதளவு பொன் எஞ்சியுள்ளது. பொன்விலை ஏறிவிட்டதால் அதையும் பிரித்தெடுப்பது இலாபகரமாகலாம் எனக் கருதப்படுகின்றது. 13 கழிவுக் குன்றுகளை மீண்டும் அகழ்வதற்கு மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது.

இதனைக் கேட்டு மகிழ்வோரும் தங்கவயலில் உண்டு, அஞ்சுவோரும் உண்டு. வேலை வரும் என்பது ஒரு நம்பிக்கை. அடங்கிக் கிடக்கும் தூசியைக் கிளறினால் யாருடைய மூச்சில் அது சேரும் என்பது ஒரு கேள்வி. இரண்டுக்கும் விடை தரவேண்டியவர்கள் அரசினர். அவ்விடை எழுத்திலே தரப்பட வேண்டும். முன்னொரு காலத்தில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரின் நுரையீரல் கணக்கு, இத்திட்டத்தின் முதற் பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பதே எமது கருத்து.

அண்மைக் காலத்தில் தங்கவயல் திரைப்படங்களின் வழியே உலகப் புகழ் பெற்றுள்ளது. 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எப்.' என்னும் கன்னடப் படம் அப்பெயரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. ஆனால், அதில் உள்ளது கற்பனைக் கதை. 2024இல் வந்த 'தங்கலான்' என்னும் தமிழ்ப் படம் பொன் தேடிப் போன ஒடுக்கப்பட்ட மக்களைத் தன் கதைமாந்தராக்கியது. எமது இளந்தலைமுறையினர் இவற்றைப் பார்த்திருப்பர். அப்பெயருக்குப் பின்னால் மெய்யாகவே ஓர் ஊரும் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் உண்டு என்பதைப் பெற்றோர் அவர்களுக்கு எடுத்துக்கூற வேண்டும்.

ஒரே பஞ்சத்தால் விரட்டப்பட்டுப் பிரிந்தவர்களின் வழித்தோன்றல்கள் வெவ்வேறு விதியை அடைந்தனர். இலங்கை மலைநாட்டில் தேயிலையை வளர்த்தவர்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. தங்கவயலில் பொன்னை எடுத்தவர்களின் குடியுரிமையை எவரும் பறிக்கவில்லை. ஆயினும், தாம் வாழும் வீடு தமக்குச் சொந்தம் என்பதை நிறுவுவதற்கே அவர்கள் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. உழைப்பைக் கொடுத்த மண்ணில் உரிமை தானாக வந்துவிடுவதில்லை என்பதை இவ்விரு வரலாறுகளும் கூறுகின்றன. அந்நிய மண்ணிலே தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் நாம், தங்கவயலின் கதையை இன்னொருவர் கதையாகப் படித்துவிட்டுப் போக இயலாது.

அடுத்த முறை நகைக்கடையிலே தட்டில் வைத்துப் பவுண் நிறுக்கப்படும்போது, ஒரு பவுணுக்கு அரைத்தொன் பாறை என்ற கணக்கையும், அப்பாறையை உடைத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே வாழ்கின்றனர் என்பதையும் நாம் மறவாதிருப்போமாக.